டெய்ஸி கோத்துக்கொண்ட கை

பி.ஏ. இலக்கியம் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ‘தி கிரேட் கேட்ஸ்பி’ பாடமாக இருந்தது. அப்போது எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, இடது பக்கம் நாவலில் வரும் பொருளையும் வலது பக்கம் அதற்கான அர்த்தத்தையும் எழுதியிருக்கிறேன். பச்சை விளக்கு – நம்பிக்கை. சாம்பல் மேடு – சீரழிவு. விளம்பரப் பலகைக் கண்கள் – கடவுள். மஞ்சள் – பணம். வெள்ளை – தூய்மை. கடைசி வரியை மட்டும் பென்சிலில் சேர்த்திருக்கிறேன்: டெய்ஸி – அடைய முடியாத கனவு.

தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது. அப்புறம் இருபது வருடம் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. போன ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை பெய்து வீட்டிலேயே அடைந்து கிடந்தபோது மறுபடி எடுத்தேன். சின்ன நாவல்தான், ஒன்பதே அத்தியாயம். ஐந்தாவது அத்தியாயத்தில் ஒரு வரி என்னை அப்படியே நிறுத்திவிட்டது. நோட்டில் அந்த வரி இல்லை. முன்னால் படித்த ஞாபகமும் இல்லை.

அதற்குப் போகும் முன், படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1922ஆம் ஆண்டுக் கோடை. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட். ஒரு விரிகுடாவின் இந்தக் கரையில் வெஸ்ட் எக், புதுப் பணக்காரர்கள் இருக்கும் ஊர். எதிர்க்கரையில் ஈஸ்ட் எக், பரம்பரைப் பணக்காரர்களின் ஊர். இரண்டும் ஆசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் வைத்த கற்பனைப் பெயர்கள். வெஸ்ட் எக்கில் ஜே கேட்ஸ்பி என்பவன் பெரிய மாளிகை ஒன்றை வாங்கி விருந்து மேல் விருந்து வைக்கிறான். யார் யாரோ வருகிறார்கள், குடிக்கிறார்கள், ஆடுகிறார்கள், போகிறார்கள். மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. அவனுடைய பணமே கள்ளச் சாராயம் போன்ற தொழில்களில் வந்ததுதான். எதிர்க்கரையில் டெய்ஸி இருக்கிறாள், கணவன் டாம் புக்கானனோடும் ஒரு பெண் குழந்தையோடும். 1917இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தில் கேட்ஸ்பி இளம் ராணுவ அதிகாரியாக இருந்தபோது இருவரும் காதலித்தார்கள். அவன் போருக்குப் போனான். 1919 ஜூனில் அவள் டாமைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவளுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும் என்பதற்காகவே அவன் அந்த மாளிகையை வாங்கினான். இதையெல்லாம் நமக்குச் சொல்பவன் நிக் கேரவே. கேட்ஸ்பிக்குப் பக்கத்து வீட்டுக்காரன், டெய்ஸிக்குத் தூரத்து உறவு.

முதல் அத்தியாயத்தின் முடிவில் ஓர் இரவு நிக் தன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறான். கேட்ஸ்பி தன் புல்வெளியில் தனியாக நின்று, இருண்ட தண்ணீரை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டுகிறான். அவன் உடம்பு நடுங்குவது நிக்குக்கு அங்கிருந்தே தெரிகிறது. அந்தத் திசையில் நிக்கும் பார்க்கிறான். தொலைவில் ஒரே ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான்.

ஐந்தாவது அத்தியாயத்தில் நிக்கின் சின்ன வீட்டில் இருவரும் மறுபடி சந்திக்கிறார்கள். வெளியே மழை. கேட்ஸ்பி பதற்றத்தில் கணப்பு மாடத்தில் சாய்ந்து நிற்க, அங்கே இருந்த ஓடாத பழைய கடிகாரம் அவன் தலை பட்டுச் சரிகிறது. நடுங்கும் விரல்களால் பிடித்து மறுபடி வைக்கிறான். “நாம் பார்த்து எத்தனையோ வருடமாகிறது” என்கிறாள் டெய்ஸி. “வரும் நவம்பர் வந்தால் ஐந்து” என்று அவன் யோசிக்காமலே பதில் சொல்கிறான். பிறகு அவளைத் தன் மாளிகைக்கு அழைத்துப்போய் ஒவ்வொரு அறையாகக் காட்டுகிறான். இங்கிலாந்திலிருந்து வந்த சட்டைகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வீசுகிறான். லினன், பட்டு, ஃபிளானல், பல நிறம். அவள் அந்தக் குவியலில் முகம் புதைத்து, இவ்வளவு அழகான சட்டைகளை நான் பார்த்ததே இல்லை என்று அழுகிறாள். சட்டைக்காக அழுகிறாள், பணத்துக்காக அழுகிறாள் என்று வகுப்பில் எழுதினோம். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்து வருடத்தை ஒரே மதியத்தில் வாரிக் கொட்டினால் யாரும் எதையாவது சாக்காக வைத்துத்தான் அழுவார்கள்.

அப்புறம் ஜன்னல் ஓரம் நிற்கிறார்கள். மூடுபனி மட்டும் இல்லையென்றால் உன் வீடு இங்கிருந்தே தெரியும், உங்கள் படகுத்துறை முனையில் ராத்திரி முழுக்க ஒரு பச்சை விளக்கு எரியுமே என்கிறான் கேட்ஸ்பி. அதைக் கேட்டதும் டெய்ஸி சட்டென்று அவன் கைக்குள் தன் கையைக் கோத்துக்கொள்கிறாள். அவனோ தான் சொன்ன வார்த்தையிலேயே மூழ்கிப்போய் நிற்கிறான்.

நான் நின்றுவிட்ட வரி இதுதான். இத்தனை வருடமாகத் தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்று கை நீட்டினானே, அந்தக் கைக்குள் இப்போது அவள் கையே வந்துவிட்டது. அவன் விளக்கை நினைத்துக்கொண்டிருக்கிறான். இதுவரை டெய்ஸிக்கு மிக அருகில், அவளைத் தொடுவதுபோல் இருந்த வெளிச்சம், இனிமேல் படகுத்துறையில் எரியும் ஒரு பச்சை விளக்கு மட்டும்தான் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும் என்கிறான் நிக். அவனிடமிருந்த மாயப் பொருள்களின் கணக்கில் ஒன்று குறைந்தது என்றும் சொல்கிறான்.

குறியீடு என்றால் ஆசிரியர் வாசகருக்காக ஒளித்து வைப்பது என்றுதான் நான் படித்திருந்தேன். நம் அகப்பாட்டில் எருமை தாமரையை மேய்கிறது என்று தோழி சொன்னால், பரத்தையிடம் போய்வந்த தலைவனைச் சொல்கிறாள் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். உள்ளுறை அப்படித்தான் வேலை செய்கிறது. இந்த நாவலில் நடப்பது வேறு. பச்சை விளக்குக்கு அர்த்தம் கொடுப்பவன் கேட்ஸ்பி. கதைக்குள் இருக்கும் ஒரு மனிதன் ஒரு சாதாரணப் பொருளைப் பிடித்துக்கொண்டு அதில் தன் உயிரையே ஏற்றுகிறான். நாவல் பக்கத்திலேயே நின்று அந்தப் பொருளையும் காட்டுகிறது, அவன் ஏற்றியதையும் காட்டுகிறது. என் நோட்டில் வலது பக்கம் மட்டும் முக்கியமாக இருந்தது. இடது பக்கத்தை நான் பார்க்கவே இல்லை.

விளம்பரப் பலகையும் அதே மாதிரிதான். வெஸ்ட் எக்குக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் ஒரு சாம்பல் வெளி. அதன் மேல் டாக்டர் டி.ஜே. எக்கல்பர்க் என்ற கண் மருத்துவரின் பலகை. முகம் இல்லை, மூக்கு இல்லை, மஞ்சள் கண்ணாடிக்குள் இரண்டு பெரிய நீலக் கண்கள் மட்டும். மருத்துவர் எப்போதோ போய்விட்டார், பலகை நிறம் மங்கி நிற்கிறது. அங்கே கார் பழுது பார்க்கும் ஜார்ஜ் வில்சனின் மனைவி மிர்ட்டில் கார் மோதி இறந்துபோகிறாள். விடியும் நேரத்தில் வில்சன் அந்தக் கண்களைப் பார்த்தபடி, கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்கிறான். பக்கத்தில் துணைக்கு உட்கார்ந்திருக்கும் மைக்கேலிஸ் என்ற காபிக் கடைக்காரர், அது விளம்பரம் என்று அவனுக்குச் சொல்கிறார். கண்கள் என்றால் கடவுள் என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். அது விளம்பரம் என்று சொல்ல ஃபிட்ஸ்ஜெரால்ட் ஓர் ஆளையே அங்கே உட்கார வைத்திருப்பது எனக்குத் தெரியவில்லை. துக்கத்தில் ஒருவன் பலகையைக் கடவுளாக்குகிறான். ஏக்கத்தில் இன்னொருவன் விளக்கைக் காதலியாக்குகிறான். இருவரையும் நாவல் கேலி செய்யவில்லை, அதுதான் அதன் பெருந்தன்மை.

அந்தச் சாம்பல் வெளிகூட உண்மையில் இருந்த இடம். குவீன்ஸ் பகுதியில் கொரோனா என்ற இடத்தில் நகரத்து அடுப்புகளின் நிலக்கரிச் சாம்பலை மலை மலையாகக் கொட்டினார்கள். பின்னாளில் அதை நிரவித்தான் 1939 உலகக் கண்காட்சியை நடத்தினார்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட் 1922 முதல் 1924 வரை லாங் ஐலண்டின் கிரேட் நெக்கில் குடியிருந்தவர். நகரத்துக்குப் போய்வரும் வழியில் அதைக் கடந்திருப்பார்.

சரி, காதலுக்கு வருகிறேன். கேட்ஸ்பியின் இயற்பெயர் ஜேம்ஸ் கேட்ஸ். வடக்கு டகோட்டாவில் பிழைக்கத் தெரியாத விவசாயக் குடும்பம். பதினேழு வயதில் பெயரை மாற்றிக்கொண்டு தன்னையே புதிதாகப் படைத்துக்கொண்டவன். அவன் இறந்த பிறகு அவனுடைய அப்பா ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுவார். அதன் கடைசித் தாளில் சிறுவன் எழுதிய தினசரி அட்டவணை. காலை ஆறு மணிக்கு எழுவது, உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிப் படிப்பது. கீழே தீர்மானங்கள். வாரம் ஐந்து டாலர் சேமிப்பது என்று எழுதி, ஐந்தை அடித்து மூன்று ஆக்கியிருக்கிறான். கடைசித் தீர்மானம் பெற்றோரிடம் இன்னும் நல்லபடியாக நடந்துகொள்வது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கனவு டெய்ஸிக்கு வெகு காலம் முன்பே அவனிடம் இருந்திருக்கிறது. அதற்கு ஓர் உடம்பு தேவைப்பட்டபோது அவள் எதிரே வந்தாள். அவளை முதன்முதல் முத்தமிடும் முன் ஒரு நொடி தயங்குகிறான். முத்தமிட்டுவிட்டால் தன் மனம் இனி கடவுளின் மனம்போலத் திரிய முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தயக்கத்தை எழுதிய ஆள் காதலை நன்றாக அறிந்தவர்.

அறிந்தவர்தான். 1915 ஜனவரியில், பதினெட்டு வயதில், சிகாகோ பெரும் பணக்காரர் ஒருவரின் மகள் ஜினெவ்ரா கிங்கைச் சந்தித்தார். பிறகு அதிகமும் கடிதத்தில் வளர்ந்த காதல். 1916இல் அவர் தன் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்: ஏழைப் பையன்கள் பணக்காரப் பெண்களைக் கட்டிக்கொள்ள நினைக்கக் கூடாது. அவள் வேறொருவரை மணந்தாள். அவளுடைய கடிதங்களை அவர் டைப் அடித்து பைண்டு செய்து, இறக்கும்வரை வைத்திருந்தார். இருநூறு பக்கத்துக்கு மேல். 1937இல் ஹாலிவுட்டில் அவளை மறுபடி சந்திக்கப் போகும் முன் தன் மகளுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. நான் முதலில் காதலித்த பெண் அவள், அந்த மாயை கலையாமல் இருக்கவேண்டும் என்றுதான் இன்றுவரை அவளைப் பார்க்காமல் தவிர்த்தேன் என்கிறார். கேட்ஸ்பியை எழுதி முடித்துப் பன்னிரண்டு வருடம் ஆன பிறகும் இப்படி எழுதுகிறார். அந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. பார்க்காமல் இருப்பதால்தான் காதல் முழுசாக இருக்கும் என்றால், பார்க்கப்படாமல் போனவருக்கு என்ன மிஞ்சும்?

தொல்காப்பியம் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்கிறது. கேட்ஸ்பியுடையதும் அதுதானே என்று பல காலம் நினைத்திருந்தேன். இல்லை. டெய்ஸி அவனைக் காதலித்தாள். அதற்கு நாவலிலேயே சாட்சி இருக்கிறது. நான்காம் அத்தியாயத்தில் தோழி ஜோர்டன் பேக்கர் சொல்வது. கல்யாணத்துக்கு முந்தைய மாலை. டாம் மூன்றரை லட்சம் டாலர் மதிப்புள்ள முத்துமாலை கொடுத்திருக்கிறான். ஜோர்டன் அறைக்குள் போகிறாள். டெய்ஸி வாழ்க்கையில் முதன்முறையாகக் குடித்துவிட்டுக் கட்டிலில் கிடக்கிறாள், ஒரு கையில் மதுப்புட்டி, இன்னொரு கையில் கடிதம். முத்துமாலையைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடு, டெய்ஸி மனம் மாறிவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல் என்கிறாள். அழுது தீர்க்கிறாள். ஜோர்டனும் பணிப்பெண்ணும் அவளைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். கடிதத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். தண்ணீருக்குள்ளும் கொண்டுபோய், ஈரப் பந்தாகக் கசக்கிப் பிடித்திருக்கிறாள். அது பனித்துகள் போலப் பிய்ந்து பிய்ந்து வருவதைப் பார்த்த பிறகுதான் சோப்புக் கிண்ணத்தில் வைக்க விடுகிறாள். அரை மணியில் மாலை கழுத்தில் ஏறிவிட்டது. மறுநாள் ஐந்து மணிக்குக் கல்யாணம்.

இவ்வளவும் ஒரே ஒரு பக்கம். டெய்ஸி என்ற பெண் அந்தப் பக்கத்தில் உயிரோடு இருக்கிறாள். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று நாவல் கடைசிவரை சொல்லாது. கேட்ஸ்பியின் கனவில் இந்தக் குளியல் தொட்டிக்கு இடமில்லை. அவன் சேர்த்து வைத்திருப்பதெல்லாம் பத்திரிகையில் அவளைப் பற்றி வந்த துணுக்குகள்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இருபத்தேழு வயதில் எனக்கு ஒரு கடிதம் வந்தது, பதினோரு பக்கம். எழுதியவர் நான் கல்லூரி போகும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவர். நாங்கள் பேசிக்கொண்டதுகூட நாலைந்து தடவைதான். ஆறு வருடத்துக்கு முன் ஒரு மழைநாள் காலையில், ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்தாராம். நான் கூரைக்கு வெளியே வந்து கண்ணை மூடி முகத்தை மழைக்குக் காட்டிக்கொண்டு நின்றேனாம். உலகத்தில் கவலையே இல்லாத ஒரு பெண்ணை அன்றுதான் பார்த்தேன், அதிலிருந்து எந்தக் கஷ்டத்திலும் அந்த முகத்தை நினைத்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தார். அழகான தமிழ், நல்ல மனிதர், ஒரு வார்த்தை தப்பாக இல்லை. இரண்டு தடவை படித்தேன். அந்தப் பதினோரு பக்கத்தில் நான் எங்கேயும் இல்லை.

அந்தக் காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாம் நாள்.

அதனால்தானோ என்னவோ, ஏழாம் அத்தியாயத்தை இந்த முறை டெய்ஸியின் நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். அன்று மதியம் டெய்ஸியின் குழந்தையை ஆயா அழைத்து வருகிறாள். கேட்ஸ்பி குனிந்து அந்தச் சின்னக் கையைப் பிடிக்கிறான். அப்புறமும் குழந்தையையே ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்படி ஒரு குழந்தை இருப்பதை அதுவரை அவன் நம்பியிருக்கவில்லை என்று நிக்குக்குத் தோன்றுகிறது. குழந்தை “அப்பா எங்கே?” என்று கேட்கிறது. நாவலில் இதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் கேட்ஸ்பியின் கனவு உடைவது இங்கேதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் சத்தம்.

அந்தச் சத்தம் நியூயார்க் பிளாசா ஹோட்டல் அறையில், சகிக்க முடியாத வெயிலில் நடக்கிறது. டாமை ஒருபோதும் காதலித்ததில்லை என்று சொல், நடந்ததெல்லாம் துடைத்ததுபோல் அழிந்துவிடும் என்கிறான் கேட்ஸ்பி. அவள் சொல்லிப் பார்க்கிறாள், முடியவில்லை. நீ ரொம்ப அதிகம் கேட்கிறாய், இப்போது உன்னைக் காதலிக்கிறேன், அது போதாதா, நடந்து முடிந்ததை நான் என்ன செய்ய முடியும் என்று அழுகிறாள். ஒரு காலத்தில் அவரையும் காதலித்தேன், உன்னையும் காதலித்தேன் என்கிறாள். “என்னையும்?” என்று கேட்ஸ்பி அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்கிறான். அந்த ஒரு ‘உம்’ அவனால் தாங்க முடியாதது. அவள் கொடுக்கக்கூடிய உண்மையான காதல் அந்த ‘உம்’மோடு சேர்ந்துதான் வரும். ஐந்து வருடம் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் வேறு என்ன இருக்கும்?

டெய்ஸியைக் குற்றமற்றவள் என்று நான் சொல்லவரவில்லை. அன்று திரும்பும் வழியில் மஞ்சள் காரை ஓட்டி மிர்ட்டிலைக் கொன்றவள் அவள். பழியைக் கேட்ஸ்பி ஏற்கிறான், அவள் ஏற்க விடுகிறாள். அன்றிரவு அவன் அவள் வீட்டுக்கு வெளியே காவல் நிற்கிறான். உள்ளே சமையலறை மேஜையில் தொடாத கோழி வறுவலை நடுவில் வைத்துக்கொண்டு அவளும் டாமும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பதை நிக் ஜன்னல் இடுக்கில் பார்க்கிறான். மறுநாள் வில்சன் கேட்ஸ்பியைச் சுட்டுவிட்டுத் தானும் சாகிறான். அவன் சாவுக்கு டெய்ஸி ஒரு தகவலும் அனுப்பவில்லை, ஒரு பூவும் அனுப்பவில்லை. அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்ஸ்பியின் அப்பா அந்த அட்டவணையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்தால் இன்னும் வரவில்லை. ஆனால் கனவு என்று எழுதினால் அவள் செய்த குற்றத்தைக்கூட அவளிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம். பெண்ணுக்கு எது கிடைக்கும் என்பது டெய்ஸிக்கு ஆரம்பத்திலேயே தெரியும். பிறந்த மகளைப் பார்த்து, இவள் அழகான ஒரு சின்ன முட்டாளாக இருந்தால் போதும் என்று சொன்னவள். அது ஃபிட்ஸ்ஜெரால்டின் மனைவி ஸெல்டா 1921இல் தங்கள் மகள் பிறந்தபோது சொன்னது. கேட்டு எழுதி வைத்து, நாவலில் சேர்த்துக்கொண்டார்.

1925 ஏப்ரலில் வந்த இந்த நாவல் அப்போது பெரிதாக விற்கவில்லை. இரண்டாம் அச்சு மூவாயிரம் பிரதிகள்தான், அதிலும் சில, 1940இல் அவர் இறக்கும்போது கிடங்கிலேயே கிடந்தன. பிறகு இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்காக 1,55,000 மலிவுப் பிரதிகளை அச்சடித்தார்கள். ஊரைவிட்டு, காதலியைவிட்டுத் தூரத்தில் கிடந்த பையன்கள் அந்தப் பச்சை விளக்கைப் படித்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்தக் கையை கவனித்தார்களோ.

என் பழைய நோட்டில் பென்சில் வரியை அழித்துவிட்டு, ‘சட்டென்று அவன் கைக்குள் தன் கையைக் கோத்துக்கொள்கிறாள்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தப் பதினோரு பக்கக் கடிதத்துக்கு நான் பதில் எழுதினேன், ஒரே பக்கம். அன்று காலை டாக்டர் அப்பாவைப் பற்றி என்ன சொன்னார் என்று எழுதினேன். அதை அம்மாவிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுதான் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினேன். என் கையில் அப்பா சாப்பிடாமல் திருப்பி அனுப்பிய டிபன் கேரியர் இருந்தது, மூன்று அடுக்கு, மேல்மூடியில் எங்கள் வீட்டு இனிஷியல், அதை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தேன். விலாசத்தை இரண்டு முறை சரிபார்த்து நானே தபால் பெட்டியில் போட்டேன். பதில் வரவில்லை.